மாமாவும் மருமகனும் எந்த நாத்திகத்தைப் பற்றிப் பேசுகிறார்கள்?

கேள்வி: என் அண்ணன் சைவப் பற்று மிக்கவர்; தேவாரம் ஓதாமல் அவருக்குப் பொழுது விடியாது. கல்லூரியில் படிக்கும் என் மகன் போன தீபாவளியன்று, "நான் நாத்திகன்" என்று சொல்லிவிட்டான். அன்று தொடங்கிய வழக்கு இன்னும் ஓயவில்லை. "கடவுள் இல்லைன்னு நிரூபிச்சுக் காட்டு. முடியலேன்னா உன்னோடதும் ஒரு மதம்தான்" என்கிறார் அண்ணன். "இல்லைன்னு நான் எங்க மாமா சொன்னேன்? எனக்கு நம்பிக்கை வரலை, அவ்வளவுதான். இருக்குன்னு சொல்ற நீங்கதான் நிரூபிக்கணும்" என்கிறான் இவன். "அப்போ நீ நாத்திகனே இல்லை, தெரியாதுன்னு சொல்ற ஆள்" என்று அவர் மடக்குகிறார். "நாளைக்கு உனக்குக் கொள்ளி வைப்பானா" என்றுகூட என்னிடம் கேட்டுவிட்டார். இருவரில் யார் சொல்வது சரி?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இருவர் சொல்லும் பொருளுமே வழக்கில் உள்ளவைதான். தத்துவத் துறையில் நாத்திகம் என்றால் பெரும்பாலும் 'கடவுள் இல்லை' என்ற முடிவையே குறிப்பார்கள். அதன்படி உங்கள் அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முடிவு என்று ஒன்று இருந்தால் அதற்குக் காரணம் சொல்லத்தான் வேண்டும். உங்கள் மகன் சொல்லும் பொருளை வாதிட்டு நிலைநிறுத்தியவர் ஆன்டனி ஃப்ளூ என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர். கடவுள் நம்பிக்கை இல்லாதிருப்பதே நாத்திகம், குற்றம் சாட்டுகிறவர் நிரூபிக்கும்வரை எதிரியை நிரபராதியாகக் கொள்வதுபோல விவாதம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று அவர் 1972-இல் ஒரு கட்டுரையில் எழுதினார். அதே ஃப்ளூ 2004-இல், உலகைப் படைத்த ஓர் அறிவு இருப்பதாக இப்போது ஏற்கிறேன் என்று அறிவித்தார். அப்போதும் ஆதாரங்கள் தம்மை அங்கே கொண்டுசேர்த்தன என்றுதான் சொன்னார். நிரூபிக்கும் பொறுப்பைப் பற்றிய அவருடைய பழைய வாதம் அதனால் அடிபட்டுப் போகவில்லை.

ஆனால் 'நிரூபிக்க முடியாவிட்டால் அதுவும் ஒரு மதம்' என்பதை என்னால் ஏற்க முடியாது. கிரேக்கர்களின் சியூஸ் இல்லை என்று யாராலும் கணக்குப்போட்டு நிரூபிக்க முடியாது. அண்ணன் சியூஸை நம்புவதில்லை. அது அவருக்கு இன்னொரு மதமாகிவிடவும் இல்லை. பெர்ட்ரண்ட் ரஸல் 1947-இல் இதே உதாரணத்தைச் சொல்லி, தத்துவ அறிஞர்களிடம் பேசும்போது தம்மை அறியவொணாவாதி என்றும், தெருவில் போகிறவரிடம் பேசும்போது நாத்திகன் என்றும் சொல்லிக்கொள்ள வேண்டும் என்றார். நழுவுவதற்காக அவர் அப்படிச் சொல்லவில்லை. கேட்பவர் 'முழுக்க உறுதியா?' என்று கேட்கிறாரா, 'நம்புகிறாயா?' என்று கேட்கிறாரா என்பதைப் பொறுத்து நேர்மையான பதில் மாறுகிறது. இவை இரண்டு வேறு கேள்விகள். ஒருவன் இரண்டாவதற்கு 'இல்லை' என்றும் முதலாவதற்கு 'தெரியாது' என்றும் சொல்லலாம். உங்கள் மகன் அப்படித்தான் சொல்கிறான் போலிருக்கிறது.

இந்தப் பெயரை யார் யாருக்குச் சூட்டுவது என்ற சண்டை மிகப் பழையது. கி.மு. 399-இல் ஏதென்ஸ் நகரம் சாக்ரடீஸை விசாரித்தபோது, ஊர்த் தெய்வங்களை ஏற்கவில்லை, புதிய தெய்வங்களைக் கொண்டுவந்தார் என்பது குற்றச்சாட்டு. 'நான் வேறு தெய்வங்களை நம்புகிறேன் என்கிறாயா, எந்தத் தெய்வத்தையும் நம்பவில்லை என்கிறாயா?' என்று அவர் குற்றம் சாட்டிய மெலிட்டஸைக் கேட்டார். எதையுமே நம்பவில்லை என்றார் மெலிட்டஸ். அவர் கொண்டுவந்த குற்றச்சாட்டையே அது பொய்யாக்கியது. கிறிஸ்தவர்களையும் ரோமானியர்கள் நாத்திகர் என்றுதான் அழைத்தார்கள். பேரரசின் தெய்வங்களுக்கு அவர்கள் பலி கொடுக்கவில்லை என்பதே காரணம். இரண்டாம் நூற்றாண்டில் ஸ்மிர்னா நகரத்து ஆயர் பாலிகார்ப்பிடம், நாத்திகர்கள் ஒழிக என்று சொன்னால் விட்டுவிடுகிறேன் என்று ஆளுநர் சொல்ல, அந்த முதியவர் தம்மைச் சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்துக் கைகாட்டி அதைச் சொன்னதாக அவருடைய மரண வரலாறு கூறுகிறது.

நம் நாட்டில் கதை இன்னும் சிக்கலானது; அண்ணன் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். மனுஸ்மிருதி நாத்திகன் என்று சொல்வது வேதத்தை இகழ்பவனை. கடவுளை மறுப்பது அங்கே அளவுகோல் அல்ல. அதனால்தான் உலகைப் படைத்த ஈசுவரன் ஒருவன் தேவையில்லை என்று வாதிட்ட மீமாம்சகர்கள் ஆத்திகர் வரிசையில் உட்கார்ந்தார்கள். படைப்புக் கடவுளுக்கு எதிராக அவர்களுள் ஒருவரான குமாரில பட்டர் எழுதியவற்றை இன்று யாராவது மேடையில் பேசினால் அவரை நாத்திகர் என்றே சொல்வோம். சமணரும் பௌத்தரும் வேதத்தை ஏற்காததால் நாத்திகர் ஆனார்கள். ஆனால் எட்டாம் நூற்றாண்டுச் சமண அறிஞர் ஹரிபத்திரர் தரிசனங்களைத் தொகுத்தபோது, வினையையும் மறுபிறப்பையும் ஏற்கிறவர்கள் என்று சமணரையும் பௌத்தரையும் ஆத்திகர் பக்கம் வைத்து, இவற்றை ஏற்காத உலகாயதரை மட்டும் மறுபக்கம் நிறுத்தினார். ஒவ்வொருவரும் தாம் உயிராக மதித்த ஒன்றை நடுவில் வைத்துக் கோடு கிழித்தார்கள். அண்ணனுக்கு அது சிவன்.

ஆனாலும் அண்ணனின் கோபத்துக்கு மனுவோ மெலிட்டஸோ காரணம் என்று நான் நினைக்கவில்லை. தமிழ்நாட்டில் அவருடைய தலைமுறைக்கு 'நாத்திகன்' என்றதும் ஒரு வரலாறு கண்முன் வரும். பெரியார் 1953-இல் பிள்ளையார் சிலைகளை உடைக்கும் போராட்டம் நடத்தினார். அது வழக்காகி உச்ச நீதிமன்றம்வரை போனது. நம்பிக்கை வரவில்லை என்பதோடு பெரியார் நிற்கவில்லை, கடவுள் இல்லை என்றே சொன்னார். சாதியைக் கட்டிக்காப்பதில் சாமிக்கும் சாத்திரத்துக்கும் உள்ள பங்குதான் அவருடைய முதல் கவலை. அந்தக் கவலை நியாயமானது என்றே நான் கருதுகிறேன். கருவறைக்குள் யார் போகலாம் என்ற வழக்கு நம் காலத்திலும் நடந்திருக்கிறது. 'நான் நாத்திகன்' என்று உங்கள் மகன் சொன்னபோது, தம் பூசை அறையில் கைவைக்கப்போகிறான் என்றே அண்ணனின் காதில் விழுந்திருக்கலாம். அவன் சொன்னதில் அது இருந்ததா என்று அவனிடம் யாரும் விசாரிக்கவில்லை. கொள்ளி விஷயமும் அப்படித்தான். நம்பிக்கையே இல்லாமல், பெற்றவர்கள் மேலுள்ள பாசத்துக்காகச் சடங்கு செய்யும் நாத்திகர்கள் உண்டு. கொள்கைக்கு மாறு என்று விலகி நிற்பவர்களும் உண்டு. உங்கள் மகன் எப்படி என்பது அவனுக்குத்தான் தெரியும். அவன் பெயரை வைத்து அவன் பாசத்தை அளக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

இனி உங்கள் மகனுக்கு. பெரியாருக்கு முன்பே சென்னையில் நாத்திகம் பேசியவர்கள் இருந்தார்கள். 1880-களில் 'தத்துவ விவேசினி' என்ற இதழை நடத்தியவர்கள் அவர்கள். இங்கிலாந்தின் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவிடமிருந்து அவர்கள் நிறையக் கற்றார்கள். பிராட்லா 1880-இல் நார்த்தாம்டன் தொகுதியில் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பதிலாக உறுதிமொழி எடுக்கிறேன் என்று கேட்டார், மறுத்தார்கள். சரி, ஆணையிட்டே எடுக்கிறேன் என்றபோதும், நாத்திகன் இடும் ஆணைக்கு மதிப்பில்லை என்று விடவில்லை. தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1886-இல்தான் அவரால் தடையின்றி இருக்கையில் அமர முடிந்தது. 1888-இல் அவர் முயற்சியாலேயே உறுதிமொழிக்குச் சட்டம் இடம்கொடுத்தது. இன்று நம் அரசமைப்பின் மூன்றாம் அட்டவணையில் கடவுள் பெயரால் ஆணையிடவும் உளமார உறுதிகூறவும் இரண்டு வழியும் இருக்கின்றன. நாத்திகன் என்றால் வாக்கு சுத்தம் இல்லாதவன் என்று பிறர் பொருள் சொன்னதால் ஒரு மனிதர் தம் இருக்கைக்காக ஆறு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. தன் நிலையைத் தானே சொல்லும் உரிமைக்காக உங்கள் மகன் நிற்பதை நான் அதனால்தான் முழு மனதோடு ஆதரிக்கிறேன்.

அந்தப் பிராட்லா நாத்திகத்தை எப்படி விளக்கினார் என்பதையும் அவன் பார்க்கட்டும். கடவுள் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை, புரியாத ஒன்றை நான் மறுக்கவும் முடியாது என்றார். ஆனால், இந்த இருப்புக்கு அப்பால் தனியே இருக்கும் ஒன்று என்று வரையறுத்துச் சொன்னால் அதை மறுக்கிறேன் என்றும் சேர்த்தே சொன்னார். எந்தக் கடவுள் என்று தெளிவாகாதபோது நம்பிக்கை இல்லை என்பதோடு நிறுத்தினார். தெளிவானதும் மறுப்புக்குப் பொறுப்பேற்றார். உங்கள் மகன் நண்பர்களிடம் 'சாமியெல்லாம் மனுசன் கட்டின கதை' என்று பேசிவிட்டு, மாமா காரணம் கேட்கும்போது மட்டும் 'நான் எங்க இல்லைன்னு சொன்னேன்' என்று பின்வாங்கினால் அது சரியில்லை. கட்டுக்கதை என்பதும் ஒரு கூற்று. அதற்கு அவன் காரணம் வைத்திருக்க வேண்டும்.

அண்ணன் சைவர் என்பதால் அவருக்குச் சொல்ல ஒன்று உண்டு. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியாரில் பிற மதங்களை மறுக்கும் பகுதியான பரபக்கம் உலகாயதனிலிருந்துதான் தொடங்குகிறது. கடவுள், உயிர், மறுபிறப்பு எதையும் ஏற்காதவன் அவன். ஆனால் ஆசிரியர் எடுத்த எடுப்பில் அவனைக் கண்டிக்கவில்லை. அவன் மதம் இது என்று அவன் தரப்பை முதலில் அவன் வாயாலேயே பேசவிட்டு, அதன் பிறகே மறுதலையைத் தொடங்குகிறார். நீ உலகாயதனே இல்லை, வேறு ஆள் என்று சொல்லி வாதத்தை முடித்துவிடவில்லை. அடுத்த முறை பேச்சு தொடங்கும்போது மருமகனின் நிலையை மாமா சொல்லிக்காட்டட்டும். அவன் 'ஆமாம், இதுதான்' என்று தலையாட்டிய பிறகு மறுக்கட்டும். மாமா சொல்லும் பதி, அதாவது இறைவன், என்ன, அதற்குச் சித்தாந்தம் தரும் அனுமானம் என்ன என்பதை மருமகனும் அதேபோலச் சொல்லிக்காட்டட்டும். அதற்கு அவன் சித்தியாரைக் கொஞ்சமாவது படிக்க வேண்டியிருக்கும்; உரை சொல்ல வீட்டிலேயே ஆள் இருக்கிறார்.