கட்டிப் பார்த்து வாங்க வேண்டிய கைக்கடிகாரம்

"மருமகனுக்கு ஒரு நல்ல சுவிஸ் கடிகாரம் கொடுக்க நாடியிருக்கிறோம் நானா. மச்சான் டோஹாவில் இருக்கிறார். படம் அனுப்பியிருக்கிறார். எடுக்கச் சொல்லலாமா?"

கல்யாணக் காலம் வந்தால் இரண்டு மூன்று பேராவது என்னிடம் இப்படிக் கேட்பதுண்டு. விலை சரியா, சாமான் அசலா என்பதுதான் அவர்களுடைய கவலை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். மருமகன் அதைக் கையில் கட்டிப் பார்த்தாரா? அநேகமானோர் இதற்குப் பதில் சொல்வதில்லை, சிரிக்கிறார்கள்.

சிரிக்கும் விடயமல்ல. சில இலட்சங்கள் முதல் பல இலட்சங்கள் வரை போகும் கொள்வனவு இது. மாப்பிள்ளைக்குக் கடிகாரம் கொடுக்கத்தான் வேண்டுமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்கு இப்பத்திரிகையில் வேறு பக்கங்கள் இருக்கின்றன. வாங்குவதென்று முடிவெடுத்தவர் எப்படிப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே இவ்வாரப் பாடம். தனக்கென்று வாங்குபவருக்கும் இது பொருந்தும்.

நான் கடிகார வியாபாரி அல்லன். கித்துல்கல கடைவீதியில் துணியும் சப்பாத்தும் விற்பவன். ஆனால் சப்பாத்து விற்பவனுக்கு நன்றாகத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. பெட்டியில் உள்ள இலக்கம் வேறு, கால் வேறு. ஒரு கம்பனியின் எட்டாம் இலக்கம் கடிக்கும், இன்னொரு கம்பனியின் எட்டாம் இலக்கம் கழன்று விழும். காலையில் அளவாக இருந்த சப்பாத்து பின்னேரம் இறுக்கும். அதனால்தான் ஐநூறு ரூபா செருப்பைக்கூட போட்டு நாலடி நடந்து பார்க்காமல் எங்கள் ஊரில் எவரும் வாங்குவதில்லை. அதே மனிதர் அதைப்போல ஆயிரம் மடங்கு பெறுமதியான கடிகாரத்தைப் படத்தைப் பார்த்து வாங்கத் துணிகிறார்.

கடிகாரத்துக்கும் ஓர் இலக்கம் இருக்கிறது. 36, 39, 41, 42 என்று மில்லிமீற்றரில் சொல்வார்கள். இது வட்டமான உடலின் விட்டம் மட்டுமே. கையில் அது எப்படி அமரும் என்பதைச் சொல்வது வேறோர் அளவு. பட்டியைப் பிடித்துக்கொள்ளும் கொம்புகள் மேலேயும் கீழேயும் நீண்டிருக்கின்றன அல்லவா? மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனி வரை உள்ள நீளம்தான் அந்த அளவு. இதை விளம்பரங்களில் காண்பது அரிது. ஓர் உதாரணம் சொல்கிறேன். டியூடர் கம்பனியின் பிளாக் பே 58 என்ற கடிகாரம் 39 மி.மீ. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் 42 மி.மீ. இலக்கத்தை மட்டும் பார்ப்பவர் முதலாவது சிறியது, இரண்டாவது பெரியது என்று தீர்மானித்துவிடுவார். ஆனால் கொம்பு முதல் கொம்பு வரை இரண்டுமே ஏறக்குறைய 48 மி.மீ.தான். மெல்லிய கையில் 39ஐக் கட்டினாலும் 42ஐக் கட்டினாலும் நீளம் ஒன்றே. கொம்புகள் கீழ்நோக்கி வளைந்திருக்கின்றனவா, நேராக நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பது இன்னொரு வித்தியாசம். அது எந்த இலக்கத்திலும் அகப்படாது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மாப்பிள்ளைக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்த கடிகாரம் 44 மி.மீ. நல்ல தடிப்பு. பிள்ளையோ மெல்லிய உடம்பு. கொம்புகள் இரண்டும் மணிக்கட்டுக்கு வெளியே நின்றன. நீளக்கை சட்டையின் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. கல்யாணத்தன்று மட்டும் கட்டினார். பிறகு அலுமாரிக்குள் கிடந்து, கடைசியில் கொழும்பில் நல்ல நட்டத்துக்குக் கைமாறியது. சாமான் அசல்தான், விலையும் நியாயமானதுதான். கைக்குத்தான் பொருந்தவில்லை.

நமது சப்ரகமுவ மாகாணத்தில் பிறந்தவர்களுக்கு இந்தப் பாடத்தைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. இரத்தினபுரியில் காலை வேளையில் கல் வாங்குபவரைப் பாருங்கள். மடித்த தாளைப் பிரித்து, கல்லை விரல் நுனியில் பிடித்து, பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். மின்குமிழின் கீழ் காட்டினால் வெளியே வாருங்கள் என்பார். நீலம் மின்வெளிச்சத்தில் ஒரு நிறம், வானத்தின் கீழ் ஒரு நிறம் என்பது அவருக்குத் தெரியும். பேருவளை சீனன்கோட்டையிலும் இதே வழக்கம்தான்.

ஆனால் பார்ப்பது மட்டும் போதாது என்பதையும் அந்தத் தொழிலே நமக்குக் காட்டியிருக்கிறது. பால் போன்று மங்கிய கெவுடாக் கற்களை நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தார்கள், பெறுமதியில்லை என்று ஒதுக்கினார்கள். 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் அவற்றை மலிவாக வாங்கிச் சென்று, சூடேற்றி, நீலமாக்கி விற்றார்கள். கண்ணுக்குத் தெரியாதது கல்லுக்குள் இருந்தது. கடிகாரமும் அப்படித்தான். கட்டிப் பார்த்தால் பொருத்தம் தெரியும். உள்ளே இருக்கும் இயந்திரம் அசலா என்பது தெரியாது. அதற்கு ஒரே வழி, கம்பனியின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் போவதுதான். யார் அங்கீகாரம் பெற்றவர் என்பதை அந்தந்தக் கம்பனியின் இணையத்தளத்திலேயே நாடு வாரியாகப் பார்க்கலாம். கடைப்பலகையில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம்.

ரோலெக்ஸ் கம்பனி தனது புதிய கடிகாரங்களை இணையத்தில் விற்பதில்லை. பட்டேக் பிலிப் கம்பனி 2020 ஏப்ரலில், கொரோனாவால் கடைகள் மூடிக்கிடந்தபோது, தன் விற்பனையாளர்களை இணையத்தில் விற்க அனுமதித்தது. அதுவும் தற்காலிகமாகத்தான். இவர்கள் நமது மணிக்கட்டின் மீதுள்ள அக்கறையினால் இப்படிச் செய்வதாக நான் நினைக்கவில்லை. சரக்கைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் வியாபாரத் தந்திரமும் இதில் இருக்கிறது. எது எப்படியோ, கடைக்குப் போய்க் கட்டிப் பார்க்கும் வழக்கம் நமக்குச் சாதகமானதே. சில கடைகளில் 'காட்சிக்கு மட்டும்' என்று குறித்து வைத்திருப்பார்கள். அதை விற்க மாட்டார்கள். ஆனாலும் கேட்டால் கட்டிப் பார்க்கத் தருவார்கள். வெட்கப்படாமல் கேளுங்கள்.

இனி, எப்படிக் கட்டிப் பார்ப்பது?

கொழும்புக்குப் போகுமுன் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மணிக்கட்டின் மேற்புறம் தட்டையாக இருக்கும் அகலத்தை அடிமட்டத்தால் அளந்துகொள்ளுங்கள். பிறகு காட்போட் மட்டையில் 48 மி.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி மணிக்கட்டின் குறுக்கே வையுங்கள். இரு பக்கமும் வெளியே தள்ளினால் அந்த அளவுக் கடிகாரம் உங்களுக்குரியதல்ல. செலவில்லாத சோதனை.

கடையில், கட்டியவுடன் கண்ணாடியில் பார்த்துத் திருப்திப்பட்டுவிட வேண்டாம். நாம் பார்ப்பது மேலேயிருந்து, மற்றவர்கள் பார்ப்பது தூரத்திலிருந்து. இரண்டும் வேண்டும். புதிய உலோகப் பட்டி எவருக்கும் பொருந்தாத நீளத்தில் இருக்கும். தொளதொளவென்று தொங்கவிட்டுப் பார்த்தால் எதுவும் விளங்காது. உள்பக்கமாகக் கிளிப் போட்டு இறுக்கித் தரச் சொல்லுங்கள். பத்து நிமிடமாவது கையில் கிடக்கட்டும். நடந்து பாருங்கள். குளிரூட்டிய காட்சியறையில் மணிக்கட்டு சுருங்கியிருக்கும், வெயிலில் வீங்கும். நண்பகலில் புறக்கோட்டையில் நடந்தவருக்கு இது தெரியும். ஆகவே பூட்டில் அங்கேயே சிறிது கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். ரோலெக்ஸ் சப்மரீனரின் பூட்டில் ஏறக்குறைய 2 மி.மீ. படிகளாக 20 மி.மீ. வரை கூட்டலாம். எல்லாக் கடிகாரங்களிலும் இப்படி இல்லை.

பாரத்தையும் பாருங்கள். டைட்டானியம் உருக்கைப் போல் ஏறக்குறையப் பாதி எடைதான் இருக்கும். சிலருக்கு அது சுகம். சிலருக்கு ஒன்றும் கட்டாதது போலிருந்து மனம் ஒப்பாது. ஐம்பதைத் தாண்டிய என்னைப் போன்றவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு மணியையும் திகதியையும் வாசித்துப் பார்க்க வேண்டும். கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்திலும், உள்ளங்கையால் மூடி இருட்டிலும் பார்க்க வேண்டும்.

நம்மவர்களுக்கென்றே இரண்டு சோதனைகள் உண்டு. விற்பனையாளர் இவற்றைச் சொல்லித்தர மாட்டார். முதலாவது ஸுஜூது. உள்ளங்கையை மேசையில் ஊன்றி மணிக்கட்டை மடித்துப் பாருங்கள். தடிப்பான கடிகாரத்தின் திருகுப்பிடி புறங்கையில் குத்தும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை, ஒரு நாளில் எத்தனை ரக்அத்துகள்? இரண்டாவது வுழூ. கடிகாரத்தின் கீழுள்ள தோலிலும் தண்ணீர் பட வேண்டும். ஆக நாளொன்றுக்குப் பல தடவை கழற்றிப் பூட்டுகிறோம். ஒற்றைக் கையால் இலகுவாகத் திறந்து மூட முடிகிறதா என்று கடையிலேயே ஐந்தாறு முறை செய்து பாருங்கள். தோல் பட்டி அழகுதான். ஆனால் எங்கள் பகுதியின் மழைக்கும் ஈரத்துக்கும் அது பூஞ்சணம் பிடிக்கும், வுழூத் தண்ணீரும் சேர்ந்தால் சீக்கிரம் நாறும். மலைநாட்டுப் பக்கம் இருப்பவர்கள் உலோகம் அல்லது ரப்பர் பட்டியை எடுப்பது நல்லது. மற்றது, 30 மீற்றர் என்று பொறித்திருந்தால் அதனுடன் ஆற்றில் இறங்கலாம் என்று அர்த்தமல்ல. தெறிக்கும் தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். களனி கங்கையில் படகுச் சவாரிக்கு வருவோரும் இதைக் கவனிக்க.

தங்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆண்களுக்குத் தங்கம் ஆகாது என்பது நமக்குத் தெரியும், மஞ்சள் நிறத்தைக் கண்டால் ஒதுங்கிவிடுவோம். வெள்ளைத் தங்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ரோலெக்ஸ் டேட்ஜஸ்ட்டில் உருக்கு உடலின் மேல் வரிவரியாக வெட்டிய வளையம் வைத்த வகை ஒன்று உண்டு. பார்வைக்கு எல்லாம் ஒரே உருக்குப் போலவே தெரியும். அந்த வளையம் 18 கரட் வெள்ளைத் தங்கம். வழுவழுப்பான வளையம் வைத்தது உருக்கு. இரண்டிலுமே முகப்பிலுள்ள மணிக் குறிகள் தங்கத்தால் ஆனவை என்று கம்பனியே சொல்கிறது. அந்தச் சிறு அளவு பற்றிய தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது, எந்தப் பகுதி எந்த உலோகம் என்பதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும் என்பதே.

பார்த்து வாங்குவது நமது மார்க்கத்தின் வியாபாரச் சட்டங்களிலும் முக்கியமான விடயம். மடித்த துணியைப் பிரித்துப் பார்க்காமல், தொட்டவுடனேயே வியாபாரம் முடிந்தது என்று கொள்ளும் முறையொன்று அறியாமைக் காலத்தில் இருந்தது. முலாமஸா என்பது அதன் பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. காணாத பொருளை வாங்குவது ஷாபிஈ மத்ஹபின் வலுவான கருத்தின்படி செல்லாது. ஹனபி மத்ஹபில் செல்லும். ஆனால் கண்ட பிறகு வேண்டாம் என்று திருப்பும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. விற்பவனும் வாங்குபவனும் பின்னால் முகம் முறிக்காமல் இருக்க எவ்வளவு முன்யோசனை!

இன்றைய கடைகளில் அந்த உரிமை தானாகக் கிடைக்காது. பட்டியின் இணைப்பைக் கழற்றிவிட்டால், மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கை உரித்துவிட்டால் மாற்றித் தர மாட்டோம் என்பார்கள். ஆகவே பணம் கொடுக்கும் முன்பே, எத்தனை நாளுக்குள், எந்த நிலையில் மாற்றலாம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். உத்தரவாத அட்டையில் திகதி இடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ரோலெக்ஸும் ஒமேகாவும் 5 வருட உத்தரவாதம் தருகின்றன. முடிந்தால் கட்டிப் பார்த்த அன்றே வாங்காதீர்கள். கித்துல்கலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 90 கிலோமீற்றர். இரண்டாம் தடவை போவது அலைச்சல்தான். ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் மனம் அமைதியாக யோசிக்கும்.

கட்டிப் பார்ப்பவருக்கும் ஒழுக்கம் இருக்கிறது. இதை வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன். மோதிரத்தையும் பழைய கடிகாரத்தையும் கழற்றிவிட்டுக் கை நீட்டுங்கள். அவர் விரித்த மெத்தைத் தட்டின் மேலேயே வைத்துப் பாருங்கள். திகதியை நீங்களாகத் திருகாதீர்கள். பல இயந்திரக் கடிகாரங்களில் முட்கள் இரவு 9 முதல் அதிகாலை 3 வரை காட்டும் நிலையில் திகதியைத் திருப்பினால் பற்சக்கரம் கெடும். சனிக்கிழமை மாலை நெரிசலில் போகாமல் வார நாள் காலையில் போங்கள். இன்று பார்க்கத்தான் வந்தேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நல்ல விற்பனையாளர் அதற்காக முகம் சுளிக்க மாட்டார்.

கொழும்பில் கட்டிப் பார்த்துவிட்டு டோஹாவில் வாங்கலாமா என்று கேட்பீர்கள். அரை மணித்தியாலம் உங்களுக்காகச் செலவழித்தவருக்கு முதல் வாய்ப்பைக் கொடுங்கள். அங்கே இன்ன விலை, உங்களால் எவ்வளவுக்குத் தர முடியும் என்று நேரே கேளுங்கள். விற்ற பின் பட்டியைச் சரிசெய்ய, பழுதுபார்க்க உள்ளூர்க் கடை இருப்பதும் ஒரு பெறுமதிதான். அப்படியும் விலை ஒத்துவராவிட்டால் வெளிநாட்டில் எடுப்பதில் குற்றமில்லை. கொண்டு வருபவர் சுங்கத்தில் மறைக்காமல் அறிவிக்க வேண்டும்.

அப்போதும் மச்சானுக்குப் படத்தை அனுப்பாதீர்கள். மாப்பிள்ளை கட்டிப் பார்த்த கடிகாரத்தின் மாதிரி இலக்கத்தைக் கடைக்காரரிடம் கேட்டுத் தாளில் எழுதி, அந்த இலக்கத்தை அனுப்புங்கள். 41 மி.மீ. டேட்ஜஸ்ட்டில் வழுவழுப்பான உருக்கு வளையம் வைத்தது 126300. வெள்ளைத் தங்க வளையம் வைத்தது 126334. அதே போன்ற 36 மி.மீ. கடிகாரங்கள் 126200, 126234. மச்சான் டோஹாக் கடையில் பெட்டியையும் அட்டையையும் வாங்கி, அந்த ஆறு இலக்கங்களும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்கட்டும்.