மட்டையும் ஒப்பந்தமும்

நுழையும்முன்

விளையாட்டு தொழிலாக மாறும்போது, வீரரின் உழைப்பு யாருக்கு உரியது என்னும் வினா எழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் பேஸ்பால் வீரர்கள் அவ்வினாவை எழுப்பிய வரலாற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வில்லியம் ஹல்பர்ட்டின் முயற்சியால் 1876ஆம் ஆண்டு நேஷனல் லீக் உருவாயிற்று. வீரர்கள் கூடுதல் ஊதியம் நாடி அணி மாறுவதைத் தடுக்க, அணி உரிமையாளர்கள் 1879இல் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். ஒவ்வோர் அணியும் ஐந்து வீரர்களைத் தக்கவைத்துக்கொள்ளலாம். அவர்களைப் பிற அணிகள் சேர்த்துக்கொள்ளா. ஐவருக்கென வகுத்த இவ்விதி, நாளடைவில் பெரும்பாலான வீரர்களைப் பிணித்தது.

1882இல் அமெரிக்கன் அசோசியேஷன் என்னும் போட்டி அமைப்பு தோன்றியது. நேஷனல் லீக்கின் நுழைவுக் கட்டணம் 50 சென்ட். புதிய அமைப்போ 25 சென்ட்டுக்கே ஆட்டம் காட்டியது. எனினும், ஒருவர் தக்கவைத்த வீரரை மற்றவர் சேர்ப்பதில்லை என மறு ஆண்டே இரண்டும் இணங்கின. உரிமையாளரின் பகை தணிந்தது. வீரரின் கட்டு இறுகியது.

இந்நிலையை எதிர்த்தவர் நியூயார்க் அணியின் ஜான் மாண்ட்கோமரி வார்டு. ஆடிக்கொண்டே சட்டம் பயின்ற இவரது தலைமையில் 1885இல் வீரர் சங்கம் அமைந்தது. 1888ஆம் ஆண்டின் இறுதியில் உரிமையாளர்கள் வீரர்களை ஐந்து தரங்களாகப் பிரித்து, உச்ச ஊதியத்தை 2,500 டாலராக வரையறுத்தனர். பேச்சுவார்த்தை பயனளிக்காமையால், வீரர்கள் 1890இல் பிளேயர்ஸ் லீக் என்னும் தனி அமைப்பைத் தொடங்கினர். அதில் தக்கவைப்பு விதி இல்லை. நிர்வாகத்தில் முதலீட்டாளரோடு வீரரும் பங்கேற்றனர்.

வார்டைத் தடுக்க நியூயார்க் அணி நீதிமன்றம் சென்றது. பத்து நாள் முன்னறிவிப்பில் வீரரை விலக்கும் உரிமை அணிக்கு உண்டு; வீரருக்கோ விலகும் உரிமை இல்லை. இச்சமனின்மையைச் சுட்டி, நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது.

பின்னர்ப் போர் களத்துக்கு வந்தது. ஏழு நகரங்களில் இரு லீக்குகளும் எதிரெதிரே ஆடின. நேஷனல் லீக் தன் ஆட்டங்களைப் போட்டியாளரின் ஆட்ட நாள்களிலேயே அமைத்தது. பார்வையாளர் சிதறினர், அனைவரும் நட்டமடைந்தனர். நேஷனல் லீக்கின் சார்பில் பேசிய ஆல்பர்ட் ஸ்பால்டிங் தம் தரப்பின் நலிவை மறைத்து உறுதிகாட்டினார். அஞ்சிய முதலீட்டாளர்கள் சமரசத்துக்கு இறங்கினர். அப்பேச்சில் வீரர்களுக்கு இடம் மறுக்கப்பட்டது. ஒரே பருவத்தோடு பிளேயர்ஸ் லீக் முடிவுற்றது.

அடுத்த ஆண்டோடு அமெரிக்கன் அசோசியேஷனும் மறைந்தது. அதன் நான்கு அணிகள் நேஷனல் லீக்கில் சேர்ந்தன. போட்டி ஒழிந்தபின் வீரருக்கு வேறு புகலிடம் இல்லை, ஊதியமும் குறைந்தது.

வீரர்களிடம் திறமை இருந்தது, ஒற்றுமையும் இருந்தது. ஆனால், பணப்பெட்டியின் சாவி பிறர் கையில் இருந்தது. அவர்கள் எழுப்பிய வினாவோ மடியவில்லை. தக்கவைப்பு விதியின் பிடியை நடுவர் தீர்ப்பு ஒன்று 1975இல் தளர்த்தியது. வார்டின் தலைமுறை நட்ட விதை, 85 ஆண்டுகள் கழித்தே கனி தந்தது.

கற்பவை கற்றபின்

1. போட்டி அமைப்புகள் இருந்தபோதும் மறைந்தபோதும் வீரர்களின் நிலை எவ்வாறு வேறுபட்டது? ஒப்பிட்டு எழுதுக.
2. 'ஒப்பந்தம் இரு தரப்பையும் சமமாகப் பிணிக்க வேண்டும்' – வகுப்பறையில் கலந்துரையாடுக.