வீட்டுக்குத் தேதி சொல்லாதீங்க

நார்த் லைன் லாரிக்கு டிரைவராகப் போகிறேன் என்று வந்து நிற்கிற தம்பிகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "மூணு நாள் சும்மா உட்காரத் தெரியுமா, கண்ணு?" சிரிப்பார்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கத்துப் பையன்கள் பாடி கட்டுகிற பட்டறைச் சத்தத்திலேயே வளர்ந்தவர்கள். ஸ்டியரிங் பிடிப்பது அவர்களுக்குப் பெரிய விஷயமே இல்லை. உட்காருவதுதான் விஷயம்.

நாமக்கல்லில் ஏறினால் சேலம், பெங்களூரு, ஹைதராபாத், நாக்பூர், ஜான்சி, ஆக்ரா, டெல்லி வரைக்கும் 44ஆம் நம்பர் ரோடுதான். 2017இல் ஜிஎஸ்டி வந்து வரி செக்போஸ்ட்களை எடுத்துவிட்டார்கள், அப்புறம் பாஸ்டேக்கும் வந்தது, வழியில் நிற்பது நன்றாகவே குறைந்தது. இப்போது நாள் போவதெல்லாம் குடோன் வாசலிலும் புக்கிங் ஆபீஸ் வாசலிலும்தான். சேலத்து ஜவ்வரிசியை வடக்கே கொண்டுபோய் இறக்கியாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். காலி வண்டியாகத் திரும்பினால் டீசலும் டோலும் ஓனர் கையைக் கடிக்கும். ரிட்டர்ன் லோடு கிடைக்கிறவரை கிடக்க வேண்டியதுதான். கிடைத்த நாசிக் வெங்காயமோ கிஷன்கர் மார்பிளோ நேராக நம்ம ஊருக்கு வரும் என்று யார் சொன்னார்கள்? கொச்சிக்குப் போகும். அங்கே இறக்கினால் இன்னொரு லோடு, இன்னொரு ஊர்.

அதனால்தான் சொல்கிறேன், வீட்டுக்குத் தேதி சொல்லாதீங்க. 'வெள்ளிக்கிழமை வந்துருவேன்' என்று ஆசையில் சொல்லிவிடுவோம். வெள்ளி சனியாகும், சனி செவ்வாயாகும். பிள்ளைகள் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும். கடைசியில் என் வீட்டுக்காரம்மாதான் ஒரு வழி சொன்னாள்: "ஏங்க, எப்ப வருவீங்கன்னு சொல்ல வேண்டாங்க. எங்க இருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க." அதற்குப் பிறகு 'நாக்பூர் தாண்டிட்டேன்', 'இறக்கியாச்சு, லோடு பாக்குறாங்க' என்று இடத்தை மட்டும்தான் சொல்வேன். ஊர் நெருங்கி, தோப்பூர் கணவாய் இறங்கின பிறகுதான் 'வர்றேன்' என்கிற வார்த்தை வாயிலிருந்து வரும். சண்டை பாதியாகக் குறைந்துவிட்டது.

கல்யாணம், காது குத்து, பொங்கல் என்றால் வேறு கணக்கு. அந்த மாதம் வடக்கே லோடே ஏறக்கூடாது. ஓனரிடம் முன்னாடியே சொல்லிவிட்டுச் சென்னை, பெங்களூரு என்று கிட்டத்து நடையாகக் கேட்டு வாங்குங்கள். டெல்லியில் நின்றுகொண்டு 'முகூர்த்தத்துக்கு வந்துருவேன்' என்று சொல்கிற டிரைவரை வண்டி ஓட்ட விடவே கூடாது. அவன் தூங்க மாட்டான்.

பணத்தையும் முன்னாடியே பிரித்து வையுங்கள். பேட்டா நம் கையில், சம்பளம் நேராக மனைவி பெயரில் உள்ள கணக்கில். அப்புறம் போனில் குடும்பம் நடத்தாதீர்கள். கேஸ் ஏன் இத்தனை சீக்கிரம் தீர்ந்தது, பையனை ஏன் அந்த டியூஷனில் சேர்த்தாய் என்று ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து விசாரணை வைக்கிற ஆள் மருமகளை ஏற்காத மாமியார் மாதிரி. வீட்டில் இருக்கிறவள் எடுத்த முடிவு முடிவுதான். பேசுவது என்றால் வண்டியை ஓரங்கட்டி, சாப்பிட்டு முடித்த பிறகு.

வேலைக்குச் சேரும்போது எல்லாரும் சம்பளத்தை மட்டும்தான் கேட்கிறார்கள். வண்டி நிற்கிற நாளுக்கு பேட்டா உண்டா? வண்டி காத்துக் கிடப்பதற்குப் பார்ட்டி தருகிற ஹால்டிங் காசில் டிரைவருக்குப் பங்கு உண்டா? இறக்கும்போது எடை குறைந்தால் யார் தலையில்? ஓவர் லோடு ஏற்றச் சொல்வார்களா? இதைக் கேட்டால் முகம் சுளிக்கிற ஓனரிடம் போகாதீர்கள். பேட்டா ஓடுகிற நாளுக்கு மட்டும்தான் என்றால், நிற்கிற நாளில் உங்கள் சோறு உங்கள் காசில்தான்.

லைசென்ஸ் விஷயம் சுருக்கம்தான். 20 வயது ஆகியிருக்க வேண்டும், இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஒரு வருடம் முடிந்திருக்க வேண்டும், அப்புறம் ஹெவி. ஆனால் அட்டை கைக்கு வந்ததும் தனியாகக் கிளம்பிவிடாதீர்கள். முன்பெல்லாம் கிளீனராகப் போய்ச் சக்கரத்துக்குக் கட்டை போடுவதில் ஆரம்பித்து தார்ப்பாய் கட்டுகிறவரை கற்றுக்கொண்டுதான் சீட்டில் உட்காருவோம். இப்போது கிளீனரே இல்லாத வண்டிகள்தான் அதிகம். அதனால் பழைய ஆள் ஒருவரோடு செகண்ட் டிரைவராகக் கொஞ்ச காலம் போங்கள். தோப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போடச் சொல்கிறவர் என்றால் அடுத்த டிரிப்பே ஆளை மாற்றுங்கள். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போன வண்டிகள் எத்தனையோ.

2025 வரை இருந்த 1961ஆம் வருடத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேரம், நெடுந்தூரம் என்றால் 10 மணி நேரம் வரை என்றது. லைனில் யாரும் மணி பார்ப்பதில்லை, நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். சரக்கோடு வரும் இ-வே பில்கூட சாதாரண லோடுக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்றுதான் கணக்குப் போடுகிறது. அந்தக் கணக்கில் டெல்லி போய்ச் சேர 10 நாளுக்கு மேலேயே தாங்கும். ஆகவே ராத்திரி 2 மணிக்கும் 5 மணிக்கும் நடுவில் ஓட்டு என்று விரட்டுவது பில் இல்லை, போனில் கத்துகிற ஆள்தான். அந்த நேரத்தில் நான் போனை எடுப்பதில்லை.

சரி, நிற்கிற நாட்களுக்கு வருவோம். சீட்டும் பாட்டிலும் பிறப்பது அங்கேதான். டெல்லி டிரான்ஸ்போர்ட் நகரில் போய் நின்றதும் நான் முதலில் தேடுவது டிஎன் 28, 34, 52 என்று ஆரம்பிக்கிற நம்பர் பிளேட்டைத்தான். ஒருத்தரிடம் ஸ்டவ் இருக்கும், ஒருத்தரிடம் புளி, ஊரிலிருந்து அரிசி கொண்டுவந்தவர் ஒருத்தர். டூல்பாக்ஸ் மூடியில் தக்காளி நறுக்கி ரசம் வைத்தால் போதும், எங்கிருந்தோ இன்னும் இரண்டு பேர் தட்டோடு வந்துவிடுவார்கள். தாபா எண்ணெயில் கெட்ட வயிறும் தேறும், பேச்சுத் துணையும் ஆகும்.

துணை தேடி வேறு இடத்துக்குப் போகிறவர்களும் உண்டு. மூடி மறைத்துப் பயனில்லை. தொண்ணூறுகளில் எய்ட்ஸ் என்றாலே நம் ஊர்ப் பெயரைச் சொல்லும்படி ஆகியிருந்தது. ஆணுறை இல்லாமல் போகாதீர்கள். சந்தேகம் இருந்தால் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம், விவரம் வெளியே போகாது. வீட்டுக்கு எதைக் கொண்டுபோகிறோம் என்பது மனைவிக்கும் சேர்ந்த விஷயம்.

கடைசியாக ஒன்று. முதல் டிரிப்புக்கு முன்னாலேயே அமைப்புசாரா ஓட்டுநர் நலவாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகள் படிப்புக்கு, கல்யாணத்துக்கு, விபத்து என்றால் குடும்பத்துக்கு என்று உதவித்தொகை இருக்கிறது. வாரியம் தருகிற அட்டையை வண்டியில் வைக்காதீர்கள். ஒரிஜினலை வீட்டில் கொடுத்துவிட்டு, நகலை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.