ஒரே தோல்வியோடு முடியும் பருவம்

கல்லூரிக் கால்பந்துக் குழுவின் ஓராண்டுப் பயிற்சி ஒரே ஆட்டத்தோடு முடிந்துவிடக் கூடும். தோற்றவர் வெளியேறும் ‘நாக்-அவுட்’ முறையின் விளைவு அது. இம்முறையில் 16 குழுக்கள் மோதினால் 15 ஆட்டங்களே நடைபெறும்; 8 குழுக்கள் முதல் ஆட்டத்திலேயே வெளியேறும். 1934-இல் உலகக் கோப்பைக்காகக் கடல் கடந்து இத்தாலி சென்ற பிரேசிலும் அர்ஜென்டினாவும் இவ்வாறே ஓர் ஆட்டத்தோடு போட்டியிலிருந்து வெளியேறின.

அதே 16 குழுக்களை 4 பிரிவுகளாக்கி, ‘லீக்’ முறையில் ஆடவிட்டால் ஒவ்வொரு குழுவுக்கும் குறைந்தது 3 ஆட்டங்கள் கிடைக்கும். பிரிவு ஆட்டங்கள் 24. அரையிறுதியும் இறுதியும் சேர்த்து 27. நாளும் செலவும் கூடும் என்பது மெய்யே. எனினும் சமயபுரம், திருவரங்கம், திருச்சிக் கல்லூரிகள் விடுமுறை நாட்களில் தமக்குள் ஆடிக்கொண்டால், பேருந்துக் கட்டணமே பெருஞ்செலவு.

தோல்வி கற்பித்த பாடத்தைச் செய்து பார்க்க அடுத்த ஆட்டம் வேண்டுமன்றோ?