முந்நூறு ஓடைகள், அரைமணி நேரம்

ஒரு வலைப்பதிவர் நாளுக்கு ஐந்து இடுகை போடுகிறார். இன்னொருவர் வருடத்துக்கு இரண்டு எழுதினால் பெரிய விஷயம். இருவரையும் ஒரே பட்டியலில் போட்டு, புதியது மேலே வருகிற மாதிரி அடுக்கினால் யார் கண்ணில் படுவார், யார் அடியில் போவார் என்பதற்கு ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. நிறைய வலைப்பதிவுகளைப் பின்தொடர ஆரம்பித்துச் சலித்துப்போய் விட்டுவிடுகிறவர்கள், படிக்க நேரமில்லை என்றுதான் காரணம் சொல்வார்கள். என் பட்டியல் முந்நூறைத் தாண்டி வெகு காலம் ஆகிறது. ஆனாலும் ஒரு நாளில் அதற்குச் செலவாவது அரைமணிதான். எண்ணிக்கையைக் குறைத்ததால் வந்த பலன் அல்ல இது. அடுக்கும் முறையை மாற்றியதால் வந்தது.

தளங்களின் புதிய இடுகைகளை நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் 'ஓடை' (ஃபீட்) என்பதன் கதை 1999 மார்ச்சில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் தொடங்குகிறது. ஆர்.எஸ்.எஸ். வடிவத்தின் முதல் பதிப்பை அங்கே உருவாக்கியவர்கள் டான் லிபியும் ராமநாதன் குகாவும். குகா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பிற்பாடு மென்பொருளாளர் டேவ் வைனர் அதை எளிமைப்படுத்தி, 2002-இல் ஆர்.எஸ்.எஸ். 2.0 என்று வெளியிட்டார். வேலை செய்யும் விதம் மிகச் சாதாரணம். இணையதளம் தன் புதிய இடுகைகளின் தலைப்பு, தேதி, உள்ளடக்கம் ஆகியவற்றை ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். ஓடைகளைத் திரட்டிக் காட்டும் ரீடர் செயலி அவ்வப்போது போய் அந்தக் கோப்பை எட்டிப் பார்க்கும். புதிதாக ஒன்றும் இல்லையென்றால் சர்வர் '304' என்று ஓர் எண்ணைச் சொல்லித் திருப்பி அனுப்பிவிடும். எதை மேலே காட்டுவது, எதை மறைப்பது என்று முடிவு செய்ய நடுவில் ஆள் கிடையாது. அந்த வேலை முழுக்க வாசகர் பொறுப்பு.

பெட்டியும் ஆறும்

ரீடர் செயலிகளில் ஆரம்பத்திலிருந்தே இரண்டு கட்சி உண்டு. 2002-இல் பிரென்ட் சிம்மன்ஸ் எழுதிய நெட்நியூஸ்வயர், மின்னஞ்சல் பெட்டியைப் போல இருந்தது: ஒரு பக்கம் தளங்களின் பெயர், அடுத்து தலைப்புகள், கீழே கட்டுரை. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் 'இன்னும் இத்தனை பாக்கி' என்று ஓர் எண். பின்னால் வந்த பல செயலிகளும் இந்த வழியில்தான் போயின. டேவ் வைனருக்கு இது ஒத்துவரவில்லை. செய்தி என்பது ஆறு மாதிரி, வந்து பார்க்கும் நேரத்தில் ஓடுவதைப் பார்த்தால் போதும், போனது போகட்டும் என்று அவர் பல காலமாகச் சொல்லி வருகிறார்.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான், வெவ்வேறு பதிவுகளுக்கு. முந்நூறு ஓடைகளைச் சமாளிக்கும் வித்தை இந்தப் பிரிப்பில்தான் இருக்கிறது.

ஜெயமோகன் தளத்தில் ஒரே நாளில் பல பதிவுகள் வரும். எஸ். ராமகிருஷ்ணனின் தளமும் அடிக்கடி புதுப்பிக்கப்படுவது. ஆங்கிலத்தில் டைலர் கோவன், அலெக்ஸ் டபராக் என்ற இரு பொருளியல் பேராசிரியர்கள் 2003 முதல் நடத்தும் 'மார்ஜினல் ரெவல்யூஷன்' இன்னும் வேகம். இவையெல்லாம் ஆறு. இவற்றில் நேற்றைய பாக்கியைத் துரத்திப் பிடிக்க நினைத்தால் இன்றையது பாக்கியாகும். கணித மேதை டெரன்ஸ் டாவின் பதிவு அப்படியல்ல. மாதத்தில் சில கட்டுரைகள், ஒவ்வொன்றும் உட்கார்ந்து படிக்க வேண்டியது. அது பெட்டி. வருடத்துக்கு இரண்டு எழுதுபவர் நிச்சயமாகப் பெட்டி.

தலைகீழாகத் தோன்றும் ஒரு விஷயம் இங்கே உண்டு. தினம் எழுதுபவர்களுக்கு ரீடர் செயலி அவ்வளவாகத் தேவையில்லை. அவர்கள் தளத்துக்கு நேரே போனாலே ஏதாவது புதிதாக இருக்கும். அபூர்வமாக எழுதுபவர் எப்போது எழுதுவார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்காகத்தான் ஓடை. ஆனால் பெரும்பாலான பட்டியல்களில் அவரைத்தான் முதலில் காணாமல் போக விடுகிறோம்.

சினிமா, இலக்கியம், கணினி, சமையல் என்று பொருள்வாரியாக ஃபோல்டர் போடுவதுதான் எல்லோரும் முதலில் செய்வது. வலைப்பதிவர்கள் அதற்கு அடங்குவதில்லை. சினிமா விமர்சகர் ஒரு வாரம் மூட்டுவலியைப் பற்றி எழுதுவார். சமையல் பதிவர் கோயில் யாத்திரை போய்விடுவார். அதைவிட, 'விடக்கூடாதவை', 'வாரத்தில் ஒரு நாள்', 'ஆறு' என்று மூன்று ஃபோல்டர்கள் வைத்துக்கொண்டால் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும். நாலாவதாக 'புதியவர்' என்று ஒன்று. புதிதாகச் சேர்க்கும் எதுவும் ஒரு மாதமாவது அதில் இருக்க வேண்டும். சேர்ப்பதற்கு முன்னால் அந்தப் பதிவரின் பழைய இடுகைகளில் இரண்டு மூன்றைப் படித்துவிடுவது இன்னும் நல்லது. வைரலான ஒரே ஒரு கட்டுரையைப் பார்த்துச் சேர்த்தவை பெரும்பாலும் நிலைப்பதில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு: தொடர்கள். ஜெயமோகனின் 'வெண்முரசு' 2014 ஜனவரி 1-இல் தொடங்கி 2020 ஜூலை வரை, 26 நாவல்களாக, தினம் ஓர் அத்தியாயம் என்ற கணக்கில் இணையத்தில் வந்தது. தினசரி வருவதுதான் என்றாலும் ஆற்றில் விட முடியாது. நடுவில் பத்து அத்தியாயம் போனால் கதை கையைவிட்டுப் போய்விடும். இப்படிப்பட்டவற்றுக்குத் தனி ஃபோல்டர் போட்டு, அதில் மட்டும் 'பழையது முதலில்' என்று வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும். அநேகமாக எல்லா ரீடர்களிலும் இந்த வசதி இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

மௌனம் குற்றமல்ல

மாதம் ஒருமுறை பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள், ஆறு மாதம் எழுதாதவர்களை நீக்குங்கள் என்று பலரும் யோசனை சொல்வார்கள். இது தலைகீழ் வைத்தியம். எழுதாதவரின் ஓடை நேரத்தைத் தின்பதில்லை. பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான். நேரத்தைத் தின்பது நிறைய எழுதி, நாம் படிக்காமல் தள்ளிவிடுகிற ஓடை. நீக்குவதென்றால் அங்கிருந்து தொடங்க வேண்டும்.

கல்வெட்டுகளை வரிவரியாகப் படித்துப் பொருள் சொல்லும் ஒரு பதிவர் என் பட்டியலில் இருந்தார். ஒரு கட்டத்தில் எழுத்து நின்றுபோனது, வருடங்கள் ஓடின. ஒரு நாள் அவர் பெயர் தடித்த எழுத்தில், பக்கத்தில் '1' என்ற எண்ணோடு நின்றது. பணி ஓய்வு பெற்றபின் மறுபடி ஊர் ஊராகப் போக ஆரம்பித்திருக்கிறார். அவர் மறுபடி எழுதுவதைப் பற்றி வேறெங்கும் யாரும் பேசிக் கேட்கவில்லை. சுத்தம் செய்கிறேன் என்று அவரை நீக்கியிருந்தால் தெரியவே வந்திருக்காது.

மௌனமும் மரணமும் வேறு. முகவரியே இல்லை என்று ரீடர் தொடர்ந்து பிழை காட்டினால் ஒருமுறை தளத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பிளாக்ஸ்பாட்டிலிருந்து வேர்ட்பிரஸுக்கு வீடு மாறியிருக்கலாம். சொந்தப் பெயரில் டொமைன் வாங்கி எழுதியவர் புதுப்பிக்காமல் விட்டால், அதை யாராவது பிடித்துச் சூதாட்ட விளம்பரம் போட்டுவிடுவதும் நடக்கிறது. ஓடையில் திடீரென்று இங்கிலீஷில் கேசினோ தலைப்புகள் வந்தால் சந்தேகமில்லாமல் நீக்கலாம்.

இரட்டையாகச் சேர்ந்தவையும் நிறைய இருக்கும். வேர்ட்பிரஸ் தளத்தில் இடுகைகளுக்கு ஓர் ஓடை, பின்னூட்டங்களுக்குத் தனியாக ஓர் ஓடை உண்டு. தவறுதலாக இரண்டையும் சேர்த்தவர்கள் அதிகம். பழைய தமிழ்ப் பதிவுகள் பல ஃபீட்பர்னர் என்ற சேவை வழியாகவும் ஓடை கொடுத்தன. அந்த முகவரியையும் நேரடி முகவரியையும் சேர்த்திருந்தால் ஒவ்வொரு இடுகையும் இரண்டு தடவை வரும். நேரடி முகவரியை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

வடிகட்டும் வேலை

ஒருவர் எழுதுவதில் கால்வாசிதான் நமக்கு வேண்டும் என்றால் முழு ஓடை எதற்கு? வேர்ட்பிரஸில் ஒரு பகுப்பின் பக்கத்துக்குப் போய், முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் 'ஃபீட்' என்ற சொல்லை ஆங்கிலத்திலும் சேர்த்தால் அந்தப் பகுப்புக்கு மட்டும் ஓடை கிடைக்கும். பிளாக்ஸ்பாட்டிலும் லேபிள்வாரியாக ஓடை எடுக்க வழியுண்டு. அரசியலும் தோட்டக்கலையும் சேர்த்து எழுதுபவரிடமிருந்து தோட்டத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

குறிப்பிட்ட சொல் வந்தால் மறைத்துவிடு என்று சொல்லும் வடிகட்டி இனோரீடரின் கட்டணச் சேவையிலும், சொந்த சர்வரில் ஓட்டுகிற ஃப்ரெஷ்ஆர்எஸ்எஸ் மென்பொருளிலும் இருக்கிறது. தமிழுக்கு இதைப் போடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. தேர்தல் சமயத்தில் 'தேர்தல்' என்று வடிகட்டி போட்டால் 'தேர்தலில்', 'தேர்தலுக்கு' எல்லாம் தப்பித்து உள்ளே வந்துவிடும். யூனிகோடில் புள்ளி தனிக் குறி; 'லி' வரும்போது அந்த இடத்தில் புள்ளி இருக்காது, எனவே சொல் பொருந்தாது. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு 'தேர்தல' என்று கொடுத்தால் மூன்றும் மாட்டும். 'படம்' போன்ற சொற்களுக்கு 'படம்', 'படத்த' என்று இரண்டையும் கொடுக்க வேண்டும். வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லின் வால் மாறும் என்பதை மென்பொருள் எழுதியவர் நினைத்திருக்க மாட்டார். நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு நுணுக்கம், ஓடைக்கோப்பின் நீளம். வேர்ட்பிரஸ் வழக்கமாகக் கடைசி 10 இடுகைகளைத்தான் ஓடையில் வைக்கும், பிளாக்ஸ்பாட் 25. நாளுக்கு ஐந்து இடுகை போடும் வேர்ட்பிரஸ் தளம் என்றால் அந்த ஓடை இரண்டு நாளுக்குத்தான் தாங்கும். கணினியில் மட்டும் ஓடும் ரீடரை வைத்துக்கொண்டு ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால், நடுவில் வந்தவை திரும்பக் கிடைக்காது. வேகமான தளங்களுக்கு ஃபீட்லி, இனோரீடர், நியூஸ்பிளர் போல எப்போதும் விழித்திருக்கும் சேவைதான் தோது. இலவசக் கணக்கில் நியூஸ்பிளர் 64 தளங்களும் ஃபீட்லி 100-ம் இனோரீடர் 150-ம் அனுமதிக்கின்றன. முந்நூறு வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டும், அல்லது சொந்த சர்வர்.

அரைமணி போகும் வழி

காலையில் பத்து நிமிடம் 'விடக்கூடாதவை'. அநேக நாட்களில் மூன்று நான்கு தலைப்புக்கு மேல் இருக்காது. சில நாள் ஒன்றுமே இருக்காது. நீளமானதற்கு நட்சத்திரம் போட்டு நகர்வது வழக்கம். மதியத்தில் ஆறு: தலைப்புகளை மட்டும் வேகமாக உருட்டி, இரண்டு மூன்றைத் திறந்துவிட்டு, மீதிக்கு 'எல்லாம் படித்தாயிற்று' பொத்தான். இந்தப் பொத்தானை அழுத்தக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய பேர். பின்னால் மூடப்பட்ட கூகுள் ரீடரே 30 நாள் தாண்டியதைப் படித்ததாகத் தானே குறித்துவந்தது; அந்தத் தயவை நாமே செய்துகொண்டால் என்ன? ஆறு ஃபோல்டருக்கு எண் காட்டுவதையும் அமைப்பில் போய் நிறுத்திவிட்டால் மனசு லேசாகிவிடும்.

நட்சத்திரங்கள் குவிந்தால் பழைய பாக்கி வேறு உருவத்தில் திரும்பி வரும். ஞாயிற்றுக்கிழமை தாண்டிய நட்சத்திரம் செல்லாது என்று ஒரு கெடு வைத்துக்கொள்வது உதவுகிறது. திரையில் நீளமாகப் படிக்கக் கஷ்டப்படுகிறவர்கள், கோவிட் கோயல் எழுதிய 'காலிபர்' என்ற இலவச மென்பொருளைப் பார்க்கலாம். தேர்ந்தெடுத்த ஓடைகளை அது குறித்த நாளில் இறக்கி, அட்டை, பொருளடக்கத்தோடு மின்னூலாகக் கட்டிக் கொடுக்கும்.

கைமாறும் பட்டியல்

கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-இல் மூடப்பட்டது. மார்ச்சில் அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் 5 லட்சம் பேர் தங்களிடம் வந்துவிட்டதாக ஃபீட்லி சொன்னது. அவ்வளவு சீக்கிரம் வீடு மாற முடிந்ததற்குக் காரணம், பட்டியல் எந்த நிறுவனத்தின் பிடியிலும் இல்லாததுதான். ஓ.பி.எம்.எல். என்ற கோப்பாக அதை வெளியே எடுக்கலாம். எடிட்டரில் திறந்து பார்த்தால் ஒரு தளத்துக்கு ஒரு வரி: பெயர், ஓடை முகவரி, தள முகவரி. முந்நூறு தளங்களும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறிய கோப்பில் அடங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை எடுத்து மின்னஞ்சலில் தனக்குத்தானே அனுப்பி வைத்தால் எந்தச் சேவை எப்போது மூடினாலும் பதற வேண்டாம்.

2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, யார் என்ன எழுதினாலும் ஒரே பக்கத்தில் கொண்டுவந்து காட்டியது. புதிதாக வந்த வாசகருக்கு அதுவே வாசல். இன்று அப்படி ஒரு பொதுவாசல் இல்லாத நிலையில், நல்ல பதிவுகளின் ஓ.பி.எம்.எல். கோப்பை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வது கைகண்ட வழி. கேட்கிற நண்பருக்கு முழுப் பட்டியலைத் தூக்கிக் கொடுத்து மிரட்டாமல், 'விடக்கூடாதவை' ஃபோல்டரை மட்டும் எடுத்து அனுப்புகிறேன். அவர் ரீடரில் இறக்குமதி செய்ய ஒரு நிமிடம் ஆகும். முதல் வாரம் ஒன்றுமே வரவில்லையே, கோப்பு பழுதா என்று கேட்பார். பொறுங்கள், அவர்கள் மெதுவாக எழுதுகிறவர்கள் என்று பதில் போடுவேன்.