வீட்டுத் தோட்டத்திற்கு அடுக்களை மருந்து

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலைக்குச் சென்று வந்த வாசகர்கள், தேக்காச் சந்தையையும் அதனை அடுத்த பஃப்ளோ சாலைக் கடைகளையும் மறந்திருக்கமாட்டார்கள். முருங்கைக்கீரை, கறிவேப்பிலை, வாழையிலை ஆகியவற்றோடு வேப்பிலைக் கொத்தும் அங்கே விலைக்குக் கிடைக்கும். ஆனால் தான் உண்ணும் உணவில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் வெளிநாடுகளிலிருந்து தருவித்துக்கொள்ளும் நகரம் அது. அக்கடைகளில் குவிந்திருக்கும் காய்கறிகளில் பெரும்பகுதி கடலையோ பாலத்தையோ கடந்து வந்தவையே.

அத்தகைய நகரத்திலும் மக்கள் கத்தரியும் வெண்டையும் மிளகாயும் பயிரிடுகின்றனர் என்பதே நாம் இங்குக் குறிப்பிட விரும்புவது. தேசியப் பூங்காக் கழகம் 2005 ஆம் ஆண்டில் சமூகத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. 2016 இல் பூங்காக்களில் சிறு பாத்திகளை வாடகைக்கு விடும் ஏற்பாடு வந்தது. 2020 இல் வீடுகளுக்குக் காய்கறி விதைப் பொட்டலங்கள் இலவசமாக வழங்கப்பட்டன. வீவக அடுக்குமாடிகளின் அடித்தளத்திலும் நடைபாதை ஓரத்துத் தொட்டிகளிலும் இன்று காய்கறிச் செடிகளைக் காணலாம்.

நடைபாதைத் தோட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. ஒருவர் செடிக்கு அடிக்கும் மருந்து, காற்றில் மிதந்து அடுத்த வீட்டு வாசலுக்குச் செல்லும். அங்கே விளையாடும் குழந்தையின் முகத்திலும் படும். ஆகவே கடும் நஞ்சுகளை விடுத்து, சவர்க்காரம், வேப்பெண்ணெய், பால் போன்ற வீட்டுப் பொருள்களைக் கொண்டே செடிகளைக் காக்கும் முறை அத்தகைய இடங்களுக்குப் பொருந்துகிறது. தோட்டப்புறத்தில் நம் வீட்டுக் கொல்லையும் அடுத்த வீட்டுக் கொல்லையும் ஒட்டியே இருக்கின்றன. நமக்கும் அம்முறையே ஏற்றது.

மருந்து தயாரிக்குமுன் நோயை அறிதல் வேண்டும். இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் சிறு பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருப்பின் அவை அசுவினிகள். பஞ்சு போன்ற வெண்மை மாவுப்பூச்சியைக் குறிக்கும். செடியை அசைத்தவுடன் சிறு வெண்பூச்சிகள் பறந்தால் அவை வெள்ளை ஈக்கள். இவை யாவும் செடியின் சாற்றை உறிஞ்சுபவை. இலையின் மேற்புறத்தில் சாம்பல் தூவியதுபோல் காணப்பட்டாலோ, அது பூசணத்தால் வரும் சாம்பல் நோயாகும். பூச்சிக்குரிய மருந்தால் பூசணம் தீராது. பலர் இதனை அறியாமல் கையில் கிடைத்ததைத் தெளித்துவிட்டு, பயனில்லை என்று குறை கூறுகின்றனர்.

சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு முதல் மருந்து சவர்க்கார நீர். ஒரு லிட்டர் நீரில் மென்மையான திரவச் சவர்க்காரம் ஒரு தேக்கரண்டி கலந்தால் போதும். இது பூச்சியின் மெல்லுடலை மூடியுள்ள மெழுகைக் கரைத்து, மூச்சுத் துளைகளை அடைத்து அதனைக் கொல்கிறது. ஈரமாக இருக்கும் வரைதான் இதற்கு வலிமை, காய்ந்தபின் இல்லை. ஆகையால் பூச்சியின்மீது நேரே படும்படி, இலையின் அடிப்புறம் நனையத் தெளித்தல் வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் ஐந்து நாளுக்கு ஒருமுறையாக மூன்று தடவை செய்க. துணி வெளுக்கும் தூள் மட்டும் கூடாது. அது பூச்சியின் மெழுகோடு இலையின் மெழுகையும் அரித்து, செடியைக் கருக்கிவிடும்.

அளவைக் கூட்டினால் பயன் கூடும் என்று எண்ணுவது தவறு. பாலில் அமிலம் அளவுக்கு மிஞ்சினால் ரப்பர்த் தகடு என்ன ஆகும் என்பதை அறிந்த நம் வாசகர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. எதுவாயினும் முதலில் இரண்டு மூன்று இலைகளில் தெளித்து, ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நலம்.

அடுத்தது வேம்பு. 1962 இல் டில்லி வட்டாரத்தில் வெட்டுக்கிளிகள் படையெடுத்தபோது, இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தினர் வேப்பங்கொட்டைக் கரைசலைப் பயிர்களில் தெளித்தனர். வெட்டுக்கிளிகள் அப்பயிர்களை உண்ணாமல் விட்டன. வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் பூச்சிக்கு உணவின்மீது வெறுப்பை உண்டாக்குகிறது. இளம் பூச்சி தோலுரித்து வளர்வதையும் தடுக்கிறது. உடனே கொல்லாது, ஆகையால் மறுநாளே பலனை எதிர்பார்த்தல் கூடாது. இலையைவிடக் கொட்டையில்தான் இப்பொருள் மிகுதி. தமிழகத்தில் 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து, ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டித் தெளிப்பர். மழை மிகுந்த நம் பகுதியில், மாரியம்மன் கோயில் முன்னுள்ள வேம்பு அவ்வளவு கொட்டை தருவதில்லை. ஆதலால் கடையில் வேப்பெண்ணெய் வாங்குவதே எளிது.

எண்ணெய் நீரில் கலவாது. முதலில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயில் சில துளி சவர்க்காரத்தை இட்டு நன்கு குழைத்து, பிறகு சிறிது சிறிதாக ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரைச் சேர்க்கவேண்டும். கலவை வெண்மையாக மாறும். அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தெளித்துவிடுக. வெயிலில் அசாடிராக்டின் விரைவில் சிதைந்துவிடும். உச்சி வெயிலில் எண்ணெய் பட்ட இலையும் வாடும். மாலை ஐந்து மணிக்கு மேல், மழை வராத நாளில் தெளிப்பதே முறை. விடியலில் பால்வெட்டச் செல்வோர்க்கு அந்நேரமே ஓய்வாகவும் இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. வேம்பு தெய்வ மரம், ஆகவே தீங்கற்றது என்ற எண்ணத்தில், குழந்தைக்குச் சளி என்றால் வேப்பெண்ணெயை வாயில் புகட்டும் வழக்கம் நம்மிடையே இருந்தது. கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்களான சின்னையா, பாஸ்கரன் ஆகிய இருவரும் 1981 இல் ‘லான்செட்’ என்னும் மருத்துவ இதழில் இதுபற்றி எழுதினர். அவ்வாறு எண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு வாந்தியும் மயக்கமும் வலிப்பும் கண்டதை அவர்கள் வெளியிட்டனர். செடிக்கென்று வாங்கிய வேப்பெண்ணெயைப் பெயர் எழுதி, பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

சாம்பல் நோய்க்குப் பால் உதவும். ரப்பர்ப் பாலை அன்று, பசுவின் பாலைச் சொல்கிறோம். பிரேசில் நாட்டில் பெட்டியோல் என்னும் ஆய்வாளர் இதனைச் சுரைக்காய் இனச் செடிகளில் சோதித்து, பத்துக்கு ஒரு பங்கு பால் கலந்த நீரை வாரந்தோறும் தெளித்ததில் நோய் கட்டுப்பட்டதென 1999 இல் வெளியிட்டார். பூசணி, வெள்ளரி, பாகல் ஆகியவற்றில் நோய் தோன்றிய தொடக்கத்திலேயே காலை வெயிலில் தெளிக்கவேண்டும். இலை முழுதும் வெளுத்தபின் தெளிப்பதால் பயனில்லை. பூண்டும் மிளகாயும் அரைத்த சாற்றைச் சிலர் பெரிதும் புகழ்கின்றனர். பூச்சிகளைச் சற்று விலக்கும் என்பதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம் என்பது நம் கருத்து. தெளிப்பவர் கண்ணில் பட்டால் படும் பாடு சொல்லத் தரமன்று.

புகையிலை ஊறிய நீரை மட்டும் அடியோடு விலக்குங்கள். முதியோர் சிலர் இன்றும் அதனைச் சிபாரிசு செய்வதுண்டு. அதிலுள்ள நிக்கோட்டின் தோல்வழியாகவே உடலில் ஏறும் கொடிய நஞ்சு. மேலும், புகையிலையில் தங்கியிருக்கும் தேமல் நோய்க் கிருமி தக்காளி, மிளகாய்ச் செடிகளுக்குத் தொற்றிவிடும். கரப்பானுக்கும் கொசுவுக்கும் அடிக்கும் டப்பா மருந்தும் உண்ணும் செடிக்கு உரியதன்று.

அதனினும் பெரிய ஆபத்து, தோட்ட வேலையில் களைக்கொல்லி அடித்த பம்பையோ அதன் காலிப் புட்டியையோ வீட்டிற்குக் கொண்டுவருவது. எத்தனை முறை கழுவினாலும் குழாயிலும் வாயிலும் எச்சம் தங்கும். கத்தரிச் செடி கருகிப்போவது சிறிய இழப்பே. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி ஒரு வாய் உள்ளே போனாலே உயிரைப் பறிக்கும். அதற்கு மாற்று மருந்து இல்லை. மலேசியாவில் 2020 ஜனவரி முதல் அது தடை செய்யப்பட்டுள்ளது. எனினும் பழைய புட்டிகள் எங்கேனும் மூலையில் கிடக்கக்கூடும். அவற்றில் சவர்க்கார நீரைக்கூட ஊற்றி வைத்தல் கூடாது. வீட்டுத் தோட்டத்திற்கெனப் புதிய சிறு கைத் தெளிப்பான் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். அதன் விலை அதிகமில்லை.

தெளித்த காய்களைச் சமைக்குமுன் ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். செடியில் பொறிவண்டுகள் காணப்பட்டால் அன்றைக்குத் தெளிப்பை நிறுத்திவையுங்கள்; அவை அசுவினியைத் தின்று நமக்காக உழைப்பவை. கறிவேப்பிலையை மொட்டையடிக்கும் பச்சைப் புழுவுக்கு எந்த மருந்தும் வேண்டாம். காலையில் விரலால் எடுத்துச் சவர்க்கார நீரில் போட்டுவிட்டால் அச்செடி பிழைத்துக்கொள்ளும்.