கை தேர்ந்த பிறகு போ

அன்புள்ள மீனாவுக்கு,

அத்தை எழுதிக்கொள்வது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பில் சேர்ந்து வெளிநாட்டு முகாம்களில் வேலை பார்க்க ஆசை என்றும், அதைக் கேட்டதிலிருந்து என் அண்ணன் உன்னிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தாய். போகலாமா என்று கேட்கிறாய். தாராளமாகப் போ. ஆனால் இந்த வருஷம் வேண்டாம்.

நர்சிங் முடித்து உனக்கு இன்னும் ஒரு வருஷம் நிறையவில்லை. அந்த அமைப்பினரே பொதுவாகக் குறைந்தது இரண்டு வருஷ அனுபவம் கேட்பார்கள். அதை வெறும் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதே. வெளியிலிருந்து போகும் நர்ஸுக்கு அங்கே பெரும்பாலும் மேற்பார்வைதான் வேலை. டியூட்டி போடுவது, மருந்து இருப்பைக் கவனிப்பது, உள்ளூர் நர்ஸுகளுக்குப் பயிற்சி கொடுப்பது. உன் கைக்கே பழகாததை இன்னொருவர் கைக்கு எப்படிப் பழக்குவாய்?

வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 2017 ஆகஸ்டுக்குப் பிறகு சில மாதங்களுக்குள் மியான்மரிலிருந்து 6 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பல குழந்தைகளுக்கு அதுவரை ஒரு தடுப்பூசியும் போட்டதில்லை. வருஷக் கடைசியில் தொண்டை அடைப்பான் பரவிவிட்டது. மேல்நாட்டு டாக்டர்கள் பலர் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த நோய் அது. தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் சவ்வு படர்ந்து, கழுத்து வீங்கி, பிள்ளை மூச்சுக்குத் திணறும். அதற்கான நஞ்சு முறிவு மருந்து உலகத்திலேயே கொஞ்சம்தான் இருப்பு இருந்தது. வந்தவர்கள் எல்லோருக்கும் காணாது. யாருக்குக் கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வார். அதன்பிறகு முழுப் பொறுப்பும் நர்ஸுடையது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுக்கும் மருந்து என்பதால் ஒவ்வாமை எந்த நிமிஷமும் வரலாம். டிரிப் மெல்ல மெல்ல ஏறும் நேரமெல்லாம் கட்டிலை விட்டு நகரக் கூடாது. முகம் தடிக்கிறதா, மூச்சு மாறுகிறதா, நாடி எப்படி ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். உங்கள் ஐ.சி.யூ. மாதிரி மானிட்டர் அலறி எழுப்பும் என்று அங்கே நம்பி உட்கார முடியாது.

அதனால் இப்போதே குழந்தைகள் வார்டிலும் கேஷுவாலிட்டியிலும் டியூட்டி கேட்டு வாங்கிக்கொள். உடம்பில் நீர் வற்றிப்போன பிள்ளைக்கு நரம்பு கிடைக்காதபோது மூத்த சிஸ்டர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று பார். பிள்ளையின் எடைக்கு ஏற்ற மருந்தளவைக் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பழகு. ஊட்டக்குறைவைப் பார்க்க மேல்கையைச் சுற்றி அளக்கும் பட்டை ஒன்று உண்டு. ஆறு மாதத்துக்கு மேல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு அளவு 115 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் சிவப்பு, உடனே சிகிச்சை. பட்டையை இறுக்கிப் பிடித்தாலும் தளர்த்திப் பிடித்தாலும் அளவு தப்பிவிடும். இன்னொன்று, பிரெஞ்சு படி. சாட், காங்கோ, மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு எல்லாம் பிரெஞ்சு புழங்கும் நாடுகள். சென்னையில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, போய்ச் சேர்.

பணம் கட்டினால் வெளிநாட்டில் சேவை செய்ய அனுப்புகிறோம் என்று யாராவது வந்தால் ஒதுங்கிவிடு. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு உன்னிடம் காசு கேட்காது. போக்குவரத்து, தங்குமிடம், காப்பீடு எல்லாவற்றையும் அவர்களே பார்த்துக்கொண்டு, சுமாரான ஒரு தொகையும் மாதாமாதம் தருவார்கள். அதில் வீடு கட்ட முடியாது. வீட்டுக்கடன் ஏதாவது இருந்தால் அதற்கொரு வழி செய்துவிட்டுக் கிளம்பு.

அங்கே போனதும் எதையும் மாற்றத் துடிக்காதே. அந்த அமைப்பின் ஊழியர்களில் பெரும்பாலானவர்கள் அந்தந்த நாட்டுக்காரர்கள்தான். நீ வருவதற்கு முன்பே ஆஸ்பத்திரியை நடத்திக்கொண்டிருப்பவர்கள், நீ திரும்பிய பிறகும் நடத்தப்போகிறவர்கள். ஒன்பது மாசமோ ஒரு வருஷமோ இருந்துவிட்டுத் திரும்பும் நீ, முதல் சில வாரங்கள் கேள்வி மட்டும் கேள். எந்த நோயாளி எந்த வழியாக வருகிறார், இந்த மருந்து ஏன் இந்த அலமாரியில் இருக்கிறது என்று கேள். பல வழக்கங்களுக்கு அவர்களிடம் நல்ல காரணம் இருக்கும்.

அண்ணனின் பயத்தை அலட்சியம் செய்யாதே. 2015 அக்டோபர் 3 அன்று ஆப்கானிஸ்தானின் குண்டூஸில் அந்த அமைப்பின் ஆஸ்பத்திரி மீது அமெரிக்க விமானம் தாக்குதல் நடத்தியதில் 42 பேர் செத்துப்போனார்கள். நோயாளிகள், துணைக்கு இருந்தவர்கள், 14 ஊழியர்கள். இதை அண்ணனிடம் மறைக்காமல் சொல். கூடவே, ஆபத்து முற்றினால் வெளிநாட்டு ஊழியர்களை வெளியேற்ற ஏற்பாடு உண்டு என்பதையும், வெளியே போகாதே என்று பொறுப்பாளர் சொன்னால் வாதாடாமல் கேட்பாய் என்பதையும் சொல். உள்ளூர்க்காரர்களுக்கு அப்படிக் கிளம்பிப் போக வேறு ஊர் கிடையாது. அதை நீ மறக்காமல் இருந்தால் அவர்களிடம் உன் பேச்சும் நடையும் தானாகவே சரியாக இருக்கும்.

அண்ணனிடம் நானும் பேசுகிறேன். அடுத்த சித்திரைக்குள் பிரெஞ்சில் முதல் நிலைத் தேர்வை முடி. இரண்டு வருஷ அனுபவம் நிறைந்ததும் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா, சேர்ந்தே நிரப்பலாம்.

அன்புடன்,
அத்தை